காரணம் கேட்கும் மருந்து

அக்கா: ஏன்டா வாசல்லயே நிக்கிற? உள்ள வா. உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்?

தம்பி: வந்துட்டேனே அக்கா. இதுவும் உள்ளதான்.

அக்கா: எது, கதவுக்கும் சுவத்துக்கும் நடுவுல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கிறியே, அதுவா? நேத்து வரைக்கும் கட்டில்ல ஏறி உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு இருந்தவன்தானே நீ?

தம்பி: இன்னிக்கு ரூல் மாறிடுச்சு.

அக்கா: அதுக்கு இந்தப் பச்சைச் சாக்கா? கையில ரப்பர் உறை, தலையில தொப்பி... தேன்கூடு கலைக்கப் போறவன் மாதிரி இருக்க. நான் தைச்ச கோட்டு எங்க?

தம்பி: உள்ள இருக்கு. சாக்குக்கு அடியில.

அக்கா: சலவையில எல்லா டாக்டருங்க கோட்டும் கலந்துடுதுன்னு அழுதியே... உனக்குன்னு அடையாளமா, கழுத்துப் பட்டையில ஒரு குட்டிக் கத்தரிக்கோல் வேற தைச்சுக் குடுத்தேன். அதைப் போய் மூடிக்கிட்டு.

தம்பி: அதைப் பாத்துட்டு ஜூனியருங்க எனக்கு வச்சிருக்கிற பேரு தெரியுமா? டெய்லர் டாக்டர். புற்றுநோய்க்கு அளவெடுத்து மருந்து தைக்கிறாராம்.

அக்கா: பாராட்டுதானேடா.

தம்பி: பாராட்டா இருந்தா என் முன்னாடி சொல்லியிருப்பாங்க.

அக்கா: சரி, அந்த ஆரஞ்சை எடு. உரிச்சுக் குடு. வாயெல்லாம் புண்ணு, அது ஒண்ணுதான் இறங்குது.

தம்பி: இங்க வேண்டாம் அக்கா. உனக்கு ரத்தத்துல வெள்ளை அணு சுத்தமா இறங்கிக் கிடக்கு. பழமெல்லாம்... அப்புறம்.

அக்கா: காய்ச்சல் வர்றதுக்கு முந்தின சாயங்காலம்கூட என் தையல் கடையில உக்காந்து உரிச்சுக் குடுத்தியே.

தம்பி: அது கடை.

அக்கா: கடையில இருந்த வெள்ளை அணு வேற, இங்க இருக்கிறது வேறயா?

தம்பி: நர்ஸ் வந்து ஜூஸ் குடுப்பாங்க.

அக்கா: அவங்க நார் எடுக்க மாட்டாங்க. நீதான் ஒரு இழை விடாம எடுப்ப. நீ டாக்டராகி இத்தனை வருஷத்துல ஒழுங்காச் செய்யிற வேலை அது ஒண்ணுதான்.

தம்பி: என் நோயாளிங்களும் இதையேதான் சொல்லுவாங்க. அவங்களுக்கு ஆரஞ்சு குடுத்ததில்ல, அதனால சொல்றதுக்கு ஒண்ணுமில்லாம போயிடுச்சு.

அக்கா: ...சிரிக்க வைக்காத. சிரிச்சா குளிர் வருது.

தம்பி: இன்னொரு போர்வை சொல்லவா?

அக்கா: வேண்டாம். காய்ச்சல் இறங்கியிருக்கா?

தம்பி: அப்படியேதான் இருக்கு.

அக்கா: காலையில மருந்தை மாத்தினாங்களே.

தம்பி: அதுக்கு நேரம் குடுக்கணும்.

அக்கா: நேரம் குடுக்கலாம்னா உன் மூஞ்சி ஏன் துணி சுருங்கிப் போன மாதிரி இருக்கு?

தம்பி: முகக்கவசம் அக்கா. எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும்.

அக்கா: கண்ணுக்குமா கவசம் போட்டிருக்க? ...சரி விடு. அந்தக் கூட்டத்துல என்னமோ பேசினேன்னியே, அதைச் சொல்லு. நீ பேசினதைக் கேட்டா எனக்குத் தூக்கமாவது வரும்.

தம்பி: அதை எதுக்கு இப்ப...

அக்கா: சொல்லுடா.

தம்பி: மருந்துக்கு மசியாத கிருமிங்களைப் பத்திக் கூட்டம். புற்றுநோய் டாக்டருங்க எல்லாரையும் உக்கார வச்சாங்க. லேப் டாக்டர் அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டாங்க. உலகத்துல இது பெரிய பிரச்சினைன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்கன்னு.

அக்கா: தூக்குனியா?

தம்பி: ரெண்டு கையையும் தூக்கினேன். உலகம்தானே, நமக்கென்ன செலவு. அடுத்து, நம்ம ஆஸ்பத்திரியில? பாதிக் கைதான் மேல போச்சு. அதுவும் எல்லாரும் பக்கத்து டிபார்ட்மென்ட்டைப் பாத்துக்கிட்டே தூக்கினோம். மூணாவதா, உங்க சொந்த நோயாளிங்ககிட்ட? ஒரே ஒரு கை.

அக்கா: உன்னுதா?

தம்பி: இல்ல. டீ வரலையேன்னு ஒருத்தர் தூக்கினாரு.

அக்கா: ...சிரிக்க வைக்காதன்னு சொன்னேனா இல்லையா.

தம்பி: அதோட நிறுத்தியிருந்தாலும் தப்பிச்சிருப்பேன். எழுந்து நின்னு மைக்கைப் பிடிச்சேன். என் நோயாளிங்ககிட்ட இந்தப் பேச்சுக்கே இடமில்ல, கீமோ போட்டு வீட்டுக்கு அனுப்பும்போதே ஆளுக்கு ஒரு பட்டை ஆன்டிபயாட்டிக் மாத்திரை குடுத்து அனுப்புறேன், காய்ச்சல் எட்டிப் பாத்தாலே முளையில கிள்ளிடுவாங்கன்னேன்.

அக்கா: உன் வழித்துணைப் பட்டை.

தம்பி: அதேதான். கைதட்டு கிடைச்சுது.

அக்கா: யாரு தட்டுனா?

தம்பி: மாத்திரைக் கம்பெனி ஆளு. பின்வரிசையில இருந்து.

அக்கா: நீ ஆரம்பிச்ச வழக்கத்தை எனக்கு கீமோ போடுற டாக்டரும் விடல. ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டை. பஸ்ல டிக்கெட் கிழிச்சுக் குடுக்கிற மாதிரி.

தம்பி: நீ... காய்ச்சல் வந்தப்பல்லாம் அதைச் சாப்பிட்டதானே?

அக்கா: நீ சொன்னா நான் கேக்க மாட்டேனா?

தம்பி: இது பதில் இல்ல அக்கா.

அக்கா: நீ பச்சைச் சாக்குல நிக்கிறதுக்குச் சொன்னியே, அதுவும் பதில் இல்லதான். யாரோ கதவைத் தட்டுறாங்க பாரு.

லேப் டாக்டர்: வரலாமா? லேப்ல இருந்து வர்றேன்மா.

அக்கா: வாம்மா, வா. எல்லாரையும் கை தூக்கச் சொன்னது நீதானா?

லேப் டாக்டர்: சார் அதுக்குள்ள சொல்லிட்டாரா? நல்லதா, கெட்டதா?

அக்கா: அவனைப் பத்தித்தான் கெட்டதாச் சொன்னான். உன்னைப் பத்தி ஒண்ணுமில்ல.

லேப் டாக்டர்: சார், வெளிய ஒரு நிமிஷம்...

அக்கா: வெளிய எதுக்கு? என் ரத்தம்தானே. என் காதுலயும் விழட்டும்.

லேப் டாக்டர்: சரிம்மா. உங்க ரத்தத்துல கிருமி வளர்ந்திருக்கு. எந்த மருந்துக்கு அது சாகும்னு நாளைக்குத்தான் தெரியும்.

தம்பி: நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டாம் மேடம். பெரிய மருந்தைத் திறந்துடலாம். இப்பவே.

லேப் டாக்டர்: காரணம்?

தம்பி: காரணம்... பாக்கிறீங்களே. இது என் அக்கா.

லேப் டாக்டர்: அது காரணம் இல்ல சார். உள்ள படுத்திருக்கிற எல்லாருமே யாருக்கோ அக்காவோ அண்ணனோதான்.

அக்கா: அது என்னடா பெரிய மருந்து? ஏன் பூட்டி வச்சிருக்காங்க?

தம்பி: கடைசியா மிச்சம் இருக்கிற மருந்து அக்கா. ஆளாளுக்கு எடுத்துக் குடுத்தா அதுக்கும் கிருமி பழகிடும். அதனால லேப் டாக்டர் சரின்னு சொல்லாம மருந்துக் கிடங்குல இருந்து வெளிய வராது. அவங்க சரின்னு சொல்லணும்னா சரியான காரணம் சொல்லணும்.

அக்கா: யாரு போட்ட சட்டம்?

லேப் டாக்டர்: அந்தக் கூட்டத்துலதான் போட்டோம். முன்மொழிஞ்சது நான். வழிமொழிஞ்சது...

தம்பி: நான்தான். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நல்ல பேர் வாங்கணும்னு ஒரு வேகத்துல வழிமொழிஞ்சுட்டேன்.

அக்கா: நீ தைச்ச சட்டையிலயே உன் கை நுழைய மாட்டேங்குது.

தம்பி: கை இல்ல அக்கா, கழுத்தே மாட்டிக்கிச்சு.

லேப் டாக்டர்: சார், நான் பிடிவாதத்துக்குச் சொல்லல. கீமோல இவங்க கிட்னி ஏற்கெனவே களைச்சுப் போயிருக்கு. பெரிய மருந்து அதைப் போட்டு இன்னும் அடிக்கும். கிருமி சாதாரணமானதா இருந்து நாம அதைக் குடுத்தா, வீணா கிட்னியைத் தொலைச்சுடுவோம். கிருமி மசியாததா இருந்து குடுக்காம விட்டா...

அக்கா: என்னையே தொலைச்சுடுவீங்க.

லேப் டாக்டர்: ...ஆமாம்மா. அதனாலதான் காரணம் கேக்கிறேன்.

அக்கா: எப்படிப்பட்ட காரணம்னா எடுபடும்?

தம்பி: அக்கா, நீ பேசி அலட்டிக்காத.

அக்கா: நீ சும்மா இரு. நீ சொல்லும்மா.

லேப் டாக்டர்: நீங்க அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கணும். இல்லன்னா, அந்த மாதிரி கிருமியை வச்சிருக்கிற யாராவது உங்ககூடவே பழகியிருக்கணும். இந்தக் காய்ச்சலுக்கு முன்னாடி நீங்க வார்டுல தங்கினதே இல்ல. பகல்ல கீமோ போட்டுக்கிட்டுக் கடைக்குப் போயிடுவீங்க. கூட இருக்கிறவங்களும் தையல்காரங்க.

அக்கா: வார்டுல யாருக்காவது இருக்கா அது?

லேப் டாக்டர்: வேலை பாக்கிறவங்க எல்லாருக்கும் டெஸ்ட் எடுத்தோம். ஒருத்தர் குடல்ல இருக்கு. அவருக்கு அது ஒண்ணும் பண்ணாது, சுமந்துக்கிட்டுத் திரிவார். யாருன்னு எனக்கே தெரியாது.

அக்கா: அதெப்படி தெரியாம போகும்?

லேப் டாக்டர்: சாரைக் கேளுங்க. பேர் போட்டா வெக்கப்பட்டு யாரும் டெஸ்ட்டுக்கு மலம் தர மாட்டாங்க, குப்பியில பேருக்குப் பதிலா ஆளுக்கொரு படம் வரையட்டும்னு அடம்பிடிச்சார். ஒருத்தர் குடை வரைஞ்சிருக்கார், ஒருத்தர் மீனு. முடிவு வந்ததும் படத்தைச் சொல்லிக் கேட்டுக்கணும்.

தம்பி: வெக்கத்தைப் பத்தி எனக்குக் கொஞ்சம் விஷயம் தெரியும்.

லேப் டாக்டர்: கிருமி இருக்கிற படத்தோட முடிவை வார்டு கிளார்க்கை விட்டுப் போன்ல கேக்கச் சொல்லியிருக்கார் அந்த ஆளு. நேர்ல வரக்கூட இல்ல.

அக்கா: எந்தப் படம்?

லேப் டாக்டர்: கத்தரிக்கோல்மா. யாரோ சர்ஜனா இருக்கும்.

தம்பி: அவங்களாத்தான் இருக்கும். எதைப் பாத்தாலும் வெட்டணும் அவங்களுக்கு.

லேப் டாக்டர்: ஆனா வரையத் தெரியாத ஆளு. கைப்பிடி ஒரு பக்கம் பெருசு, ஒரு பக்கம் சின்னது.

அக்கா: ஒரு பக்கம் பெருசா...

லேப் டாக்டர்: என்னம்மா? குளிருதா?

அக்கா: கொஞ்சம் தண்ணி குடும்மா. ...இல்லடா, நீ வேண்டாம். நீ அங்கயே நில்லு. அவங்க குடுக்கட்டும்.

லேப் டாக்டர்: மெதுவா குடிங்க.

அக்கா: வரையத் தெரியாத ஆளுதான் போல.

தம்பி: அக்கா...

அக்கா: நீ பேசாதன்னு சொன்னேன். இங்க பாரும்மா, உனக்குக் காரணம்தானே வேணும்? என்கிட்ட இருக்கு. அந்தப் பட்டையெல்லாம் நான்தான் தின்னேன்.

தம்பி: என்னது?

அக்கா: ஒண்ணு விடாம. காய்ச்சலுக்கு மட்டும் இல்ல. தலைவலிக்கு ஒண்ணு, கால்வலிக்கு ஒண்ணு, தூக்கம் வரலைன்னா ஒண்ணு. துண்டுத் துணியையே வீணாக்காதவ நான், மாத்திரையையா தூக்கிப் போடுவேன்?

லேப் டாக்டர்: இதை ஏன் முன்னாடியே சொல்லல?

அக்கா: டாக்டரோட அக்கா இப்படிப் பண்ணிட்டாளேன்னு அவனுக்குத்தான் கேவலம். போதுமா? போய்த் திறக்கச் சொல்லு.

தம்பி: ஆமா மேடம், அதான் காரணம் கிடைச்சுடுச்சே.

லேப் டாக்டர்: சார், ஒரு நிமிஷம். அம்மா, அந்த மாத்திரை சாப்பிட்டா வயிறு என்ன பண்ணுச்சு?

அக்கா: என்ன பண்ணும்? அதுபாட்டுக்கு இருந்துச்சு.

லேப் டாக்டர்: கலக்கலையா?

அக்கா: என் வயித்துக்கு அந்த தைரியமெல்லாம் கிடையாது.

லேப் டாக்டர்: எப்படி முழுங்கினீங்க?

அக்கா: வாயாலதான்.

லேப் டாக்டர்: கீமோ ஆரம்பிச்சதுல இருந்தே வாய்ப்புண்ணு, காய்ச்சல் மாத்திரையைக்கூடத் தண்ணியில கரைச்சுத்தான் குடிக்கிறேன்னு காலையில நர்ஸ்கிட்ட நீங்கதான் சொல்லியிருக்கீங்க. இந்த மாத்திரை அதைவிடப் பெருசு. கரைச்சா நாக்குல வைக்க முடியாத கசப்பு.

அக்கா: ...கசப்பைத் தாங்கினேன்.

லேப் டாக்டர்: அம்மா, பொய்க் காரணத்தைச் சொல்லி மருந்தை வாங்கலாம். ஆனா கிட்னி போனா அது நிஜமாவே போகும். நான் இப்ப எடுக்கப் போற முடிவு உங்க உயிரு. எனக்கு உண்மை வேணும். ஒண்ணாவது சாப்பிட்டீங்களா?

அக்கா: இல்ல. ஒண்ணுகூட இல்ல.

தம்பி: ஒண்ணுகூடவா? ஒவ்வொரு காய்ச்சலுக்கும் போன்ல கேட்டேனே அக்கா, சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு சொன்னியே.

அக்கா: நீ சந்தோஷப்படட்டும்னு சொன்னேன். காய்ச்சல் அதுவா வந்துச்சு, அதுவா போச்சு. பட்டன் டப்பாவுல போட்டு வச்சேன். கடையில, மெஷினுக்குப் பக்கத்துல.

லேப் டாக்டர்: அப்ப பட்டையெல்லாம் இப்பவும் அங்க இருக்கா?

அக்கா: இல்ல. டப்பாவுல இப்ப பட்டன் மட்டும்தான் இருக்கு.

லேப் டாக்டர்: யாரு எடுத்தாங்க?

அக்கா: பட்டன் டப்பாவுல கை விடுறவங்க ஆயிரம் பேரு. எல்லாரையும் ஞாபகம் வச்சுக்க முடியுமா?

லேப் டாக்டர்: கடைக்குத் தினமும் வர்றவங்க யாராவது...

அக்கா: எனக்கு மூச்சு வாங்குது. இனிமே என்னைக் கேக்காத. நாளைக்கு முடிவு வரட்டும், அதுவரைக்கும் நான் இருந்துக்கிறேன். அவனை வீட்டுக்கு அனுப்புங்க. காலையில இருந்து சாப்பிடல, குரல்லயே தெரியுது.

தம்பி: அக்கா, உன் உதடு நீலமா இருக்கு.

அக்கா: ராத்திரி நீலத் துணி தைச்சேன், ஒட்டிக்கிச்சு.

தம்பி: நீ படுத்து நாலு நாளாகுது.

அக்கா: அப்ப அழுத்தமான சாயம்தான்.

லேப் டாக்டர்: கொஞ்சம் இருங்க, போன் அடிக்குது. ...ஹலோ. ஆமா, நான்தான். மருந்துக் கிடங்கா? இன்னும் முடிவு பண்ணல. ...என்ன காரணம்னு கேக்கிறாங்க சார். திறக்கவா, பூட்டியே வைக்கவான்னு கேக்கிறாங்க. எனக்குச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. இவங்க ஒரு மாத்திரைகூடச் சாப்பிடல, அந்தக் கிருமி இருக்கிற யாரும் இவங்க பக்கத்துல வரல. நான் வேண்டாம்னு சொல்லிடுறேன்.

அக்கா: சொல்லிடும்மா. ...குளிருது, அந்தப் போர்வையை மட்டும் மேல இழுத்துவிடு.

தம்பி: இருங்க மேடம், போனை வைக்காதீங்க. அக்கா, நீ வாயைத் திறக்காத. என் கிழிசலுக்கெல்லாம் நீ ஒட்டுப் போட்டது போதும். ...மேடம், கத்தரிக்கோல் வரைஞ்சது சர்ஜன் இல்ல. கைப்பிடி ஒரு பக்கம் பெருசா இருக்கிறது துணி வெட்டுற கத்தரிக்கோல். என் கோட்டுக் கழுத்துல இருக்கு, வேணும்னா இந்தச் சாக்கை அவுத்துக் காட்டுறேன். இதை நான் போட்டிருக்கிறது அவங்ககிட்ட இருந்து தப்பிக்க இல்ல, என்கிட்ட இருந்து அவங்களைக் காப்பாத்த. ஆனா டெஸ்ட் முடிவு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, தாமதமாப் போட்டுட்டேன். பட்டன் டப்பாவுல கை விட்டதும் நான்தான். தொண்டை கரகரன்னா ஒண்ணு, தும்மினா ஒண்ணு, மேடையில பேசணும்னா முன்ஜாக்கிரதையா ஒண்ணு. அந்தக் கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு. அதே கையாலதான் தினம் சாயங்காலம் ஆரஞ்சு உரிச்சு, நாரெடுத்து, அக்கா வாயில ஊட்டினேன். உங்க மூணாவது கேள்விக்கு இப்ப கை தூக்குறேன், உறை போட்ட கைதான், எண்ணிக்குங்க. போன்ல திறக்கச் சொல்லுங்க. காரணம் என்னன்னு கேட்டா, நோயாளியோட தம்பின்னு சொல்லுங்க.